ஏழு எண்ணும்வரை

ஏப்ரல் 4

சூப்பர்வைசர் அம்மாவுக்கு,

முதலில் 'வாயாடி' என்றுதான் எழுதினேன். அடித்துவிட்டேன். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறேன், கை தானாக அதையே எழுதுகிறது. அதுவும் இடது கை. எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வலது கையில் நடு விரலும் மோதிர விரலும் இன்னும் கட்டுக்குள் இருக்கின்றன. மடங்குமா மடங்காதா என்பதை டாக்டர் அடுத்த மாதம்தான் சொல்வாராம்.

போனை எடுக்காமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னிடம் யார் ஜெயிக்க முடியும்? நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடுவாய். கடைசியில் நானே 'சரி, விடு' என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

மார்ச் பதினெட்டு அன்று நம் சலவைக்கூடத்து மேனேஜர் அறையில் நடந்ததை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். தப்பிருந்தால் சொல்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு நம் பாஷை தெரியாது. நான் சொல்லச் சொல்ல நீ இங்கிலீஷில் சொன்னாய். அதுவரை ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை இஸ்திரி உருளைக்குள் விடும்போது என் விரல்கள் உள்ளே போனதையும், உருளை நிற்காததையும், பக்கத்தில் இருந்தவள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்ததையும் அப்படியே சொன்னாய். அதற்கப்புறம் மேனேஜர் தானே இங்கிலீஷில் ஆரம்பித்தார். உருளைக்கு முன்னால் தடுப்புக் கம்பி இருக்கிறது, விரல் பட்டால் மெஷின் நின்றுவிடும், இவள் கவனமில்லாமல் கம்பிக்கு மேலே கையைக் கொண்டுபோயிருக்கிறாள் என்றார். அந்த அம்மா உன்னைக் கேட்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்து, 'டூ யூ அக்ரீ?' என்றார்.

எனக்குப் புரிந்தது. இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மருந்துக்கடை மாடியில் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் பேசத்தானே படித்தோம்? அங்கே பாடம் எடுத்த சார் வைத்த சட்டம் உனக்கு மறந்திருக்காது. யாரை மறுத்துப் பேசினாலும் முதலில் ஆமோதிக்க வேண்டும். 'ஐ அக்ரீ வித் யூ' என்று தொடங்க வேண்டும், மூச்சு விட வேண்டும், அப்புறம்தான் 'பட்' போட வேண்டும். எடுத்த எடுப்பில் இல்லை என்றால் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும் என்பார். அந்தப் 'பட்' எனக்கு வரவே வராது. நான் வார்த்தை தேடுகிற நேரத்தில் நீ மேஜைக்கு அடியில் விரல்விட்டு ஏழு எண்ணுவாய், சிரிப்பாய்.

அன்றும் அப்படித்தான் தொடங்கினேன். 'ஐ அக்ரீ வித் யூ, மேடம்' என்று சொல்லி மூச்சு விட்டேன். கம்பியை மேலே தூக்கிக் கட்டி வைத்திருந்தார்கள் என்பதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தலையசைத்து எழுதிக்கொண்டார். நீ நோட்டை மூடினாய். நாற்காலிகள் நகர்ந்தன.

நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். இப்போது ரிப்போர்ட் வந்திருக்கிறது. 'தொழிலாளி தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டார்' என்று இருக்கிறது. ஏப்ரல் இருபத்தேழுக்குள் மறுப்பு எழுதலாமாம். ஆனால் என் வாக்கியம் முடியவில்லை என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கொடுத்தால்தான் மறுவிசாரணையாம். மொழிபெயர்த்தவர் நீ.

என் உருளையில் இப்போது அந்தச் சுருட்டை முடிக்காரி, நம் சுருட்டை நிற்கிறாள். உனக்குத் தெரியும், போன வருஷம்தான் வேலைக்கு வந்தாள். கம்பியை மறுபடியும் கட்டிவிட்டார்கள் என்று நேற்று வந்தபோது சொன்னாள்.

எழுதிக் கொடு. இதைத் தவிர உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிடக் கோபமாக எழுதியிருப்பேன். ஆனால் விஷயத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறதல்லவா?

அந்த அறையில் நான் மொழிபெயர்க்க மட்டும்தான் உட்கார்ந்தேன். கேள்வி உங்களிடம் வந்தது, பதிலை நீங்களே இங்கிலீஷில் சொன்னீர்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? நம் பாஷையில் ஒரு வார்த்தை கத்தியிருந்தால்கூட நான் சொல்லியிருப்பேன். நீங்கள் கத்தவில்லை.

புது இடத்துக்கு மாற்றலும் பதவியும் இதற்குக் கிடைத்த கூலி என்று வீட்டில் பேச்சு என்று அண்ணன் சொன்னார். கேட்கக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பட்டியல் ஜனவரியிலேயே தயாராகிவிட்டது. நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் அது உண்மை. இங்கே எனக்குக் கீழே நாற்பது பேர். காலையில் நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

கம்பியைக் கட்டியது தப்பு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மறுவிசாரணை என்று வந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒப்பந்தத்தை நிறுத்திவிடுவார்கள். அங்கே முப்பது பெண்கள் வேலை செய்கிறார்கள், சுருட்டையையும் சேர்த்து. அவள் வேலை போய்விட்டால் அவளுக்கு நல்லது செய்ததாகுமா? நான் மேனேஜரிடம் தனியாகப் பேசுகிறேன். கம்பியை அவிழ்க்க வைக்கிறேன். உங்களுக்கு மடிப்புப் பகுதியில் உட்கார்ந்து செய்கிற வேலை கேட்கிறேன். கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பாருங்கள்.

விரல் சீக்கிரம் ஆற வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள்
வாயாடி

&nbsp;

ஏப்ரல் 13

வாயாடி,

கடிதம் வந்தது. உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். 'அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கே' என்றார். உன் பேச்சுக்கு மயங்காத ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம்.

முதலில் என்னோடு ஒத்துப்போகிறாய். அடுத்த வரியிலேயே ஓர் 'ஆனால்'. அப்புறம் என் கஷ்டம் உனக்குப் புரிகிறது, மறுபடி ஓர் 'ஆனால்'. மொத்தம் மூன்று. மருந்துக்கடை மாடியில் சார் உனக்குத்தான் கைதட்டுவார். விவாதத்துக்குக் குலுக்கிப் போட்ட சீட்டில் எந்தப் பக்கம் வந்தாலும் பேசுவாய், மணி அடித்ததும் அப்படியே திரும்பி எதிர்ப்பக்கம் பேசுவாய். எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு நாள் கேட்டேனே, 'இதுல உனக்கு எதுடி நெஜமா சரின்னு தோணுது?' என்று. 'அதெல்லாம் கிளாஸ்ல யாரு அண்ணி கேக்கறா?' என்றாய். இருவரும் சிரித்தோம். எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

நான் ஏன் கத்தவில்லை என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார்த்தை வரவில்லையே என்று தவித்தபோது, பக்கத்தில் நீ இருக்கிறாய், 'இவங்க இன்னும் முடிக்கலை மேடம்' என்று சொல்வாய் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முப்பது பேர் வேலை, ஒப்பந்தம், மடிப்புப் பகுதி என்று பூசி மெழுகாதே. மேனேஜரிடம் நீ பேசினாயா, கம்பி அவிழ்ந்ததா என்பதைச் சுருட்டையிடம் கேட்டேன். மேலேதான் இருக்கிறதாம்.

உன்னிடம் ஒரே கேள்வி. நான் சொல்லி முடிக்கவில்லை என்பது அந்த நிமிஷத்தில் உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்று எழுது, இல்லை தெரியாது என்று எழுது. முன்னால் பின்னால் ஒட்டுப்போடாதே.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 18

அண்ணி,

தெரியும்.

ஐந்து நாளாக இந்த ஒரு வார்த்தையை எழுதாமல் இருக்க வழி தேடினேன். நான்கு தாள் கிழித்தேன். எனக்கா வார்த்தைக்குப் பஞ்சம் என்று நீங்கள் கேலி செய்வீர்கள்.

நீங்கள் மூச்சு விட்டதும் பழக்கத்தில் என் விரல் மேஜைக்கு அடியில் எண்ணத் தொடங்கிவிட்டது. மூன்று வரை எண்ணினேன். உங்களுக்கு ஏழு வேண்டும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்றில் நோட்டை மூடினேன். நான் மூடினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்றும் தெரியும். எழுந்துவிட்டார்கள்.

ஏன் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அதையும் இப்போதே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னால் எப்போதும் எழுத முடியாது. கம்பியைத் தூக்கிக் கட்டச் சொன்னது மேனேஜர். தடித்த விரிப்பு ஒவ்வொன்றும் கம்பியில் பட்டு மெஷின் நின்று நின்று போகிறது, மாலைக்குள் வண்டியை அனுப்ப முடியவில்லை என்று, உருளைப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த என்மீது எரிந்து விழுந்தார். கட்டியது நான், அண்ணி. ராத்திரி எல்லோரும் போன பிறகு நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி, கட்டுக்கம்பியால் இரண்டு பக்கமும் முறுக்கினேன். அது நடந்தது பிப்ரவரி இருபத்து நான்கு. உங்கள் கை போனது இருபத்தாறு. விசாரணைக்கு முதல் நாள் அவிழ்த்ததும் நான்தான்.

உங்கள் வாயிலிருந்து அடுத்து 'கட்டியிருந்தார்கள்' என்று வந்திருந்தால் அந்த அம்மா கேட்கிற அடுத்த கேள்வி 'யார் கட்டியது?' என்பதுதான். அதை நானே இங்கிலீஷில் சொல்லி, நானே பதிலையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பயந்துவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்கிறபடி எழுதிக் கொடுத்தால் என் கதை முடிந்தது. வேலை மட்டும் இல்லை, என்மேல் கேஸ்கூடப் போடலாம். உங்களிடம் கெஞ்சுகிறேன், விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஆயுசுக்கும் நான் செய்கிறேன். அண்ணனிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

வாயாடி

&nbsp;

ஏப்ரல் 21

உன் கடிதத்தைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். உன் அண்ணனிடம் சொல்லவில்லை. உனக்காக இல்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கை வெந்த அன்று ஆஸ்பத்திரி வண்டியில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நீ. 'ஒண்ணும் இல்ல அண்ணி, ஒண்ணும் இல்ல' என்று வழியெல்லாம் சொன்னாய். உன் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. அதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கூடப் பிறந்தவள்கூட இப்படி அழமாட்டாள் என்று. இப்போது அந்த அழுகையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று சுருட்டையின் சட்டைக் கையை உருளை இழுத்துவிட்டது. அவள் பின்னால் சாய்ந்து இழுத்ததில் துணி தோளோடு கிழிந்தது. உள்ளே போனது துணி மட்டும். ராத்திரி சாப்பிடவில்லையாம். அவளுக்கு வயது பத்தொன்பது.

மறுப்பு மனுவை நானே எழுதிவிட்டேன். நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் இருபத்தேழாம் தேதி அதைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் அலுவலக ஜன்னலில் நீட்டப்போகிறேன். தள்ளிவிட்டால் அங்கேயே உட்காருவேன். உன் பெயரை நான் எழுதவில்லை. கட்டியது யார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. படிக்கத் தெம்பில்லை.

&nbsp;

ஏப்ரல் 26

அண்ணி,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். இது கடைசி என்றாலும் பரவாயில்லை.

இன்று காலை ரெஜிஸ்டர் தபாலில் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். ரசீதையும் இந்தக் கடிதத்தையும் இன்று அங்கே வருகிற ஒருத்தியிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளை ஜன்னலில் அதைக் காட்டுங்கள். இரண்டு பக்கம் எழுதினேன். 'தொழிலாளி பேசி முடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்தே நோட்டை மூடினேன்' என்பது முதல் வரி. கம்பியைக் கட்டியது நான் என்பது இரண்டாவது. மேனேஜர் சொல்லித்தான் கட்டினேன் என்பதை மூன்றாவதாகப் போட்டேன். முதலில் அதைத்தான் மேலே எழுதியிருந்தேன். அப்புறம் கீழே இறக்கினேன்.

தைரியம் வந்து செய்தேன் என்று நினைக்காதீர்கள். இங்கே எங்களிடமும் இரண்டு உருளைகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஒருத்தி வந்து, 'மேடம், கம்பிய மேல கட்டிக்கலாமா? வேலை ஓடவே மாட்டேங்குது' என்றாள். என்னிடம் அனுமதி கேட்கிறாள். என் வாய் வழக்கம்போல 'நீ சொல்றது சரிதான்' என்று தொடங்கிவிட்டது. அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவள் சரி என்று எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து, 'வேண்டாம், தொடாதே' என்று கத்தினேன். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நேற்றே இங்கே ராஜினாமாவும் கொடுத்துவிட்டேன். அவர்கள் அனுப்புவதற்கு முன்னால் நானே போகிறேன். அண்ணனிடம் போனில் எல்லாம் சொன்னேன்.  'அவளுக்குத் தெரியுமா?' என்று மட்டும் கேட்டார்.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இனி நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டது, இல்லையா அண்ணி? அப்படி ஒரு வரி எழுதினால் போதும்.

வாயாடி

&nbsp;

மே 10

அன்புள்ள வாயாடி,

முன்னாடியே எழுதியிருக்க வேண்டும். விசாரணை முடியட்டும் என்று இருந்தேன். நேற்று முடிந்தது.

அதே அறை, அதே ஆறு நாற்காலி. மொழிபெயர்க்க வேறு ஒருவரைப் போட்டிருந்தார்கள், டை கட்டிய ஆள். அந்த அம்மா உன் இரண்டு பக்கத்தையும் சத்தம்போட்டுப் படித்தார். மேனேஜர் சும்மா இருப்பாரா? அந்தப் பெண் சொந்தக்காரி, அண்ணிக்காகக் கதை கட்டுகிறாள், போன தடவை இவளே என் முன்னால் சரி என்றாளே என்றார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். டை கட்டியவர் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன், கட்டுப் போட்ட கையை.

'நோ' என்றேன். அதுதான் என் முதல் வார்த்தை. அந்த சார் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அப்புறம் வழக்கம்போல வார்த்தை தேடினேன். ரொம்ப நேரம். மேனேஜர் இருமினார், கடிகாரம் பார்த்தார். ஆனால் இந்தத் தடவை யாரும் எழுந்திருக்கவில்லை. நோ என்று சொன்னவள் மிச்சத்தையும் சொல்லட்டும் என்று அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

உருளைக்கு சீல் வைத்துவிட்டார்கள். தடுப்புக் கம்பியைச் சரிசெய்து அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் ஓட்டலாம். என் பெயரிலிருந்து கவனக்குறைவை எடுத்துவிட்டார்கள். மேனேஜர்மேல் தனியாக விசாரணை. உன்னையும் கூப்பிடுவார்கள், தயாராக இரு. ஒப்பந்தம் போய்விடும் என்று எழுதினாயே, போகவில்லை. பத்து நாள் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுருட்டை மடிப்பு மேஜையில் இருக்கிறாள். விரலைப் பற்றிக் கேட்பாய். மோதிர விரல் மடங்குகிறது. நடு விரல் மடங்காதாம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டாய்.

இல்லை.

'நீ செய்தது பெரிய விஷயம், உன் மனசு எனக்குப் புரிகிறது' என்று தொடங்கி மெல்ல வரலாம் என்று பார்த்தேன். உன்னிடம் அப்படிப் பேசினால் பாதியில் நின்றுவிடுவேன், பயமாக இருக்கிறது. அதனால் இதை முதலில் எழுதிவிட்டேன். சரியாகவில்லை. இந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டூல்மேல் நிற்கிற நீதான் கண்ணுக்குத் தெரிகிறாய். ஆஸ்பத்திரி வண்டியில் அழுத நீயும் தெரிகிறாய். இருவரையும் ஒருத்தியாக்க என்னால் முடியவில்லை. ஒரு கடிதத்தால் அது ஆகாது, ஒரு வருஷத்தால் ஆகுமா என்றும் தெரியாது. ஆகிவிட்டது என்று சொன்னால் நீ நிம்மதியாகத் தூங்குவாய், நான் உன்னோடு பேசுவதை நிறுத்திவிடுவேன். எனக்கு அது வேண்டாம்.

உன் அண்ணன் உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறார். என்னைக் கேட்கவில்லை. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்குப் பதில் எழுது. நான் சொன்னது தப்பு என்று தோன்றினால் அதையும் எழுது, சண்டை போடு. இதுவரை உனக்கு நான் ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை, இதுதான் முதல். கேட்டுவிட்டு எழுந்து போய்விடாதே.

அண்ணி